ஐம்பது மீட்டர்

தேர்தல் முடிந்து பதினோராம் நாள்
ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுத்
துப்பாக்கியை வாங்கி வந்தேன்.
எழுபது நாளாகத்
தோட்டத்துக்காரர்களின் இரட்டைக்குழல்களோடு
ஒரே மூலையில் சாய்ந்து கிடந்திருக்கிறது
என்னுடைய பாயிண்ட் டூ டூ.
"வெளையாட்டுச் சாமானாட்ட இருக்குதுங்" என்றார் ரைட்டர்.
உறையைத் திறந்தால் பீடி வாசம்.
தொலைநோக்கியின் மூடி ஒன்றைக் காணோம்.

யாரோ எதிலோ இடித்திருக்க வேண்டும்.
ஞாயிறு காலை, காங்கேயம் ரோட்டுக் கிளப்பில்,
முதல் ஐந்து குண்டும்
வட்டத்துக்கு வெளியே இடது கீழ் மூலையில்
ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன,
பஸ்ஸை விட்ட ஐந்து பேர்
ஒரே டீக்கடையில் ஒதுங்கின மாதிரி.

சிதறியிருந்தால் என் கை தப்பு.
ஒட்டியிருந்ததால் கண்ணாடி தப்பு.
அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

ஆக, முதலிலிருந்து.
எந்தத் தூரத்துக்கு நேர் செய்வது?

"நூறுக்கு வெச்சுருங்க்கா" என்றான் சிவமலை.
சாயப்பட்டறைக்காரன். கடனைக்கூட
பெரிய எண்ணில்தான் சொல்லுவான்.
"கிட்ட இருக்கறதெல்லாம் தானா அடங்கும்."

அடங்காது.
நூறுக்கு வைத்தால் ஐம்பதில்
நாலு விரற்கடை தலைக்கு மேலே போகும்.
ஐம்பதுக்கு வைத்தால் நூறில்
முக்கால் சாண் காலுக்குக் கீழே.
எங்கேயாவது பொய் சொல்லித்தான் ஆக வேண்டும்.
எங்கே என்பதுதான் கேள்வி.

குழல் கீழே, கண்ணாடி மேலே.
குண்டு பிறப்பதே பார்வைக்குக் கீழேதான்.
கொஞ்சம் அண்ணாந்து போய்
இருபது மீட்டர் வாக்கில் என் கோட்டைக் கடக்கிறது,
ஒரு நகக்கண் உயரம் மிதப்பாய்ப் போகிறது,
சலிக்கிறது, இறங்குகிறது,
ஐம்பதில் மறுபடி கோட்டைத் தொடுகிறது.
அப்புறம் மண்மேடுதான்.
ஒரு பயணத்தில் இரண்டே இரண்டு இடத்தில்
நான் பார்க்கிற இடமும் அது இருக்கிற இடமும் ஒன்று.

எனக்கு இது புதுசில்லை.
பனியன் கம்பெனியில் பதினாறு வருஷமாக அளவு பார்க்கிறேன்.
மார்புச் சுற்றில் அரை சென்டி கூடலாம்,
அரை சென்டி குறையலாம்,
அதற்கு மேலே போனால் பெட்டியோடு திரும்பிவிடும்.
எல்லா இடத்திலும் சரியாக இருந்த பனியனை
இன்னும் நான் பார்க்கவில்லை.

கழுத்திலேயே கிடந்த இஞ்ச் டேப்பால்
குறித்தாளில் ஓட்டைகளை அளந்தேன்.
மேலே நாலு சென்டி, வலதே இரண்டரை.
ஐம்பதில் ஒரு சொடுக்குக்கு மூன்றரை மில்லி.
பதினொன்று மேலே. ஏழு வலதே.
டிக், டிக், டிக் என்று
பூட்டுத் திருடனைப் போலக் காதை வைத்துத் திருகினேன்.

அடுத்த ஐந்து உள்ளே.
நாலு ரூபாய்க் காசு அளவு என்று சொல்ல ஆசை,
அப்படி ஒரு காசு இல்லை.
ஐந்து ரூபாய்க் காசுக்குக் கொஞ்சம் சின்னது.

சிவமலை நூறு மீட்டர் வரிசையில் படுத்திருந்தான்.
காலை எட்டு மணிக்கு அவனுடையதும் நல்ல கூட்டம்தான்.
பொய் சொல்லக் கூடாது.
ஆனால் ஆனி பிறந்துவிட்டது.
பாலக்காட்டுக் கணவாயில் கிளம்பின காற்று
பல்லடத்துக் காற்றாலைகளை எழுப்பிவிட்டு
எங்கள் மண்மேட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதரை.
கொடித்துணி மட்டமாகப் படுத்துக்கொண்டது.
என் குண்டுகளை ஒரு விரல் தள்ளிற்று.
அவனுடையதை அரைச் சாண்.

எழுந்து உட்கார்ந்து
முழங்கையில் ஒட்டின செம்மண்ணைத் தட்டினான்.
"ஏனுங்க்கா, காத்துக்கு எவ்வளவு தூரம் வெக்கறது?"

அதற்கு என்னிடம் அளவு இல்லை.
"ஒன்பது மணிக்குள்ள வரோணும்" என்றேன்.

பையில் கிடந்த சைஸ் ஸ்டிக்கர் ஒன்றை உரித்து
கட்டையில் ஒட்டினேன்.
அதன்மேல் பேனாவால் ஐம்பது.
கீழே இருந்த எழுத்து தெரிந்தது.
"மீடியமா?" என்று சிரித்தான்.
ஆமாம், மீடியம்தான்.
சரக்கில் முக்கால்வாசி அந்த அளவில்தான் விற்கிறது.

உள்ளாட்சித் தேர்தல் தையில் வருமாம்.
இந்தத் தடவை மூடியைக் கழற்றி
வீட்டிலேயே வைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.